நடுவில் நின்ற குரல்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு "கதை விடுகிறாள்" என்று யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. எங்கள் முடிச்சூர்த் தெருவில் ஒரு செய்தி மூன்று வீடு தாண்டுவதற்குள் அதற்குக் கொம்பும் வாலும் முளைத்துவிடும் என்பது உண்மைதான். அந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதில் ஒரு கொம்புகூட நான் ஒட்டவில்லை. எதிர் வீட்டுச் சந்திரிகா சொன்னது, அவளோடு வேலை செய்த டெனிஸ் சொன்னது, டாக்டர் எழுதிய சீட்டில் நானே படித்தது, கடைசியாக என் கண்ணால் பார்த்தது. அவ்வளவுதான்.

நேரங்கள் எல்லாம் சந்திரிகா தன் போனைப் பார்த்துச் சொன்னவை. அவள் வேலை செய்த அறையில் சுவர்க் கடிகாரம் கிடையாது. டிக் டிக் சத்தம் ஆகாது என்று எப்போதோ கழற்றிவிட்டார்களாம்.

சந்திரிகாவுக்கு என்ன வேலை என்பது ரொம்ப நாள் எங்கள் தெருவில் யாருக்கும் பிடிபடவில்லை. முப்பத்தாறு வயது. காலை எட்டரைக்கு ஸ்கூட்டியை எடுத்தால் பம்மல். சாயங்காலம் ஆறரைக்கு வீடு. "என்ன வேலைம்மா?" என்று கேட்டால், "கேக்கிற வேலைதாங்க்கா" என்பாள். கேட்டுக்கொண்டே இருப்பதற்குச் சம்பளமா! அப்படியென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பங்களா கட்டியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். பம்மலில் ஒரு பழைய தோல் கிடங்கில் 'தும்புரு அக்குஸ்டிக்ஸ்' என்று ஒரு சின்னக் கம்பெனி. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் உயர்ரக ஸ்பீக்கர்கள் செய்கிறார்கள். ஒரு ஜோடி என்ன விலை என்று சொன்னால் பேய் வருவதற்கு முன்பே நீங்கள் பயந்துவிடுவீர்கள். முதலாளி பெயர் துளசிங்கம். கல்யாண வீட்டு மைக் செட்டில் ஆரம்பித்தவர். இப்போது ஜிப்பா போட்டுக்கொண்டு, "நாம ஸ்பீக்கர் விக்கல, அனுபவத்தை விக்கிறோம்" என்பார். மொத்தம் ஒன்பது பேர் வேலை. மரப்பெட்டி அறுப்பவர்கள் தனி. பெட்டிக்குள் ஒயர் இழுத்து ஸ்பீக்கரைப் பொருத்துவது டெனிஸ். எல்லாம் முடிந்தபின் கடைசியில் சந்திரிகா. சத்தத்தை அளந்து கம்ப்யூட்டர் காட்டும் கோடு எவ்வளவு நேராக வந்தாலும், அவள் உட்கார்ந்து கேட்டு, "போகலாம்" என்று சொன்னால்தான் பெட்டி வாசலைத் தாண்டும்.

அப்படி எதைக் கேட்பாள்? அவள் எனக்கு விளக்கியது போலவே சொல்கிறேன். இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி. இரண்டிலும் ஒரே குரலை ஒரே அளவில் விட்டால், நல்ல ஜோடியாக இருந்தால், குரல் இந்தப் பெட்டியிலிருந்தும் வராது, அந்தப் பெட்டியிலிருந்தும் வராது. நடுவில் இருக்கும் வெற்றிடத்திலிருந்து வரும். அங்கே ஓர் ஆள் நிற்பது போலவே இருக்கும். கண்ணை மூடினால் அந்த ஆளின் உயரம்கூடத் தெரியுமாம். ஆளே இல்லாத இடத்தில் ஆளை நிறுத்த வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு விலை.

ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறிவிட்டால் போச்சு. நடுவில் நின்ற ஆள் கலைந்துவிடுவார். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சில சமயம் நம் பின்மண்டைக்குப் பக்கத்திலிருந்து வருவது போல இருக்கும்.

இதை மனசில் வையுங்கள்.

சந்திரிகாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஈவ்லின். ஐம்பத்தைந்து வயது. சர்ச்சில் முப்பது வருடம் பாடியவர். கேட்டு முடித்ததும் கையிலிருக்கும் பேனாவின் பொத்தானை இரண்டு தரம் அழுத்துவார். டிக். டிக். அப்புறம்தான் தீர்ப்பு. சோதனைக்காக ஓடவிடும் ரெகார்டிங்கிலும் அவர் குரல்தான். மூன்றே சொல். "இடது." "வலது." "நடு." மூன்றாவது சொல்லுக்கு அவர் நடுவில் வந்து நிற்க வேண்டும்.

சந்திரிகா அப்போது பக்கத்து மேஜையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதும் லேசுப்பட்டதல்ல. எங்கள் வீட்டு மிக்ஸி ஜாரில் புஷ் தேய்ந்துவிட்டது என்று அவள் வீட்டு மாடியில் நின்றே சொன்னவள். இந்தக் காதை வைத்துக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டுவதா?

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் செய்ததை அவளே என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். ஈவ்லின் அறைக்குள் போகுமுன் இடது பெட்டியின் ஒயர்களை மாற்றிச் செருகிவிடுவாள். ஈவ்லின் கேட்பார். டிக். டிக். "லெஃப்ட் பாக்ஸ் தலைகீழா இருக்கு. நடுவுல ஆள் இல்ல." அவர் வெளியே போய் முதலாளியைக் கூட்டி வருவதற்குள் சந்திரிகா ஒயர்களைப் பழையபடி மாற்றிவிடுவாள். துளசிங்கம் வந்து பார்த்தால் சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு.

ஒரே வாரத்தில் மூன்று தடவை இப்படி. மூன்றாம் தடவை முதலாளி காதில் மெதுவாக ஒரு வார்த்தை விட்டாள்.

"பாவம் சார். மேடத்துக்கு லெஃப்ட் காது போச்சுபோல."

முடிந்தது. முப்பது வருடம் பாடிய பெண்மணி பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினார். நாற்காலி சந்திரிகாவுக்கு வந்தது. குரல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. நன்றாக ஓடும் ரெகார்டிங்கை யார் மாற்றப்போகிறார்கள்?

போன ஜூலையில் ஈவ்லின் குரோம்பேட்டை அருகே தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். பட்டப்பகல். ரயில் அவருக்கு இடப்பக்கமாக வந்தது. "ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் வந்திருக்கான், அந்தம்மாவுக்குத்தான் காது கேக்காதாமே" என்றார்கள் எல்லாரும். சந்திரிகாவும் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே பாதி நம்பிவிட்டாள்.

அப்புறம் நவம்பர் வந்தது. ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து மழை.

துளசிங்கம் அவளைக் கூப்பிட்டார். "இன்னிக்கு அஞ்சு மணிக்குச் சேலையூர் பார்ட்டி வராரும்மா. பெரிய கை. செத்தவங்க வாய்ஸைப் போட்டு டெமோ காட்டினா நல்லாவா இருக்கும்? நீயே மூணு வார்த்தை பேசிடு."

"சரி சார்."

"சொதப்பிடாத. இது போச்சுன்னா நான் வேற காதுதான் தேடணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் அப்படிச் சிரித்துத்தான் ஈவ்லினையும் அனுப்பினார் என்பது அவளுக்குத் தெரியும்.

காலை 11:10-க்குப் பேசி முடித்தாள். மூன்று சொல். ஒன்பது வினாடி. பிறகு ஈவ்லினின் பழைய ஃபைலை அழித்தாள். டெனிஸ் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே ஈவ்லின்தான்.

"அத்த ஏங்க்கா அழிக்கிற? ஒரு ஓரமா கெடந்துட்டுப் போவுதே."

"ஏன், தினம் மாலை போட்டுக் கும்பிடப்போறியா? போய் வேலையைப் பாரு."

"நீ அழிச்சா அழிஞ்சிடுமா இன்னா" என்று முனகிக்கொண்டே போனான்.

கேட்கும் அறைக்கு அங்கே 'ஊமை ரூம்' என்று பெயர். ஒரு சாண் கனத்தில் கதவு. சுவர், கூரை முழுக்கப் பஞ்சுப் பலகை. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் தலைக்கு மேலே போனால்கூட உள்ளே கேட்காது. உள்ளே கத்தினால் வெளியேயும் கேட்காது. உட்கார்ந்தால் நம் எச்சிலை நாமே விழுங்கும் சத்தம் பெரிதாகக் கேட்கும். நாற்காலியைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். அதிலிருந்து எட்டடி தள்ளி இரண்டு பெட்டிகள்.

மணி 2:40. கதவைச் சாத்தினாள்.

2:48. ரெகார்டிங்கைத் தட்டிவிட்டாள். ஒன்பது வினாடி முடிந்ததும் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி வைத்திருந்தாள்.

"இடது." இடப் பெட்டியிலிருந்து வந்தது. "வலது." வலப் பெட்டியிலிருந்து. "நடு." நடுவில் சந்திரிகா வந்து நின்றாள். எட்டடி தள்ளி, தன்னைப் பார்த்தபடி. கச்சிதம். சந்திரிகாவுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

இரண்டாம் சுற்று. அதே போல.

மூன்றாம் சுற்றில் "நடு" ஓரடி முன்னால் வந்து நின்றது. வால்யூமை அவள் தொடவில்லை. மழை ஈரம், அதனால் இருக்கும் என்று நினைத்தாள்.

நான்காம் சுற்றில் இன்னும் ஓரடி.

ஐந்தாம் சுற்றில் "வலது"க்கும் "நடு"வுக்கும் இடையே ஏதோ கேட்டது. ரொம்பச் சின்னச் சத்தம்.

டிக். டிக்.

அனிச்சையாகச் சுவரைப் பார்த்தாள். கடிகாரம்தான் இல்லையே.

2:49. "நடு."

அது முன்னாலிருந்து வரவில்லை. பின்மண்டையிலிருந்து வந்தது.

சந்திரிகாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். ஒயரை மாற்றியிருக்கிறான்! இந்த வித்தையை யாரிடம் காட்டுகிறான்? இதைக் கண்டுபிடித்தவளிடமேவா? கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"டெனிஸ்! இங்க வா. ஒயரை மாத்தினியா?"

"நான் ஏங்க்கா மாத்தப்போறேன்?"

"லெஃப்ட் பாக்ஸ் தலைகீழா இருக்கு. நடுவுல ஆள் இல்ல."

டெனிஸ் உள்ளே வந்து குனிந்து பார்த்தான். "சேப்புல சேப்பு. கறுப்புல கறுப்பு. கரீட்டாத்தான் கீது." ஒயர்களைக் கழற்றி, பையிலிருந்து ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து இரண்டு பெட்டியிலும் தொட்டுக் காட்டினான். டப். டப். இரண்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் முன்பக்கமாகவே குதித்தன. உள்ளேயும் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். ஒயர்களைத் திரும்பச் செருகினான்.

அப்புறம் நிமிர்ந்து அவளையே பார்த்தான்.

"என்னடா பாக்கிற?"

"இல்ல... இதே டயலாக்கை இதே ரூம்ல இன்னொருத்தர் சொல்லிக் கேட்டுகீறேன். அதான்."

"வெளிய போ."

கதவு சாத்திக்கொண்டது. மணி 2:55.

மறுபடி தட்டிவிட்டாள்.

"இடது." வலப் பெட்டியிலிருந்து வந்தது.

"வலது." இடப் பெட்டியிலிருந்து.

அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. லேப்டாப்பைப் பார்த்தாள். ஒன்பதாவது வினாடியில் முதலுக்குத் திரும்ப வேண்டிய எண் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்று... முப்பத்திரண்டு... முப்பத்து மூன்று...

"நடு."

பின்னாலிருந்து.

அவள் குரல் இல்லை அது.

லேப்டாப்பை நிறுத்தினாள். எண் நின்றது.

"இடது."

ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். பச்சை விளக்கு போனது.

"வலது."

ஓடிப்போய் ஒயர்களைப் பிடுங்கினாள். சிவப்பு இரண்டு. கறுப்பு இரண்டு. நான்கும் அவள் கையில் இருந்தன. பெட்டிகள் இப்போது வெறும் மரம்.

இடது பெட்டியின் கூம்பு அசைந்தது.

உள்ளே... வெளியே. உள்ளே... வெளியே.

சத்தமில்லாமல். தூங்குகிறவர் நெஞ்சு மாதிரி.

கதவுக்குப் பாய்ந்தாள். நாலே எட்டு. தள்ளினாள். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது.

நகரவில்லை.

இரண்டு கையாலும் அடித்தாள். பஞ்சு அத்தனையையும் விழுங்கியது.

டிக்.

நாற்காலிப் பக்கத்தில்.

டிக்.

அதைவிடக் கிட்டத்தில்.

"மேடம்..." என்றாள் சந்திரிகா. "மேடம், நான்தான்... ஒயரை நான்தான் மாத்தினேன்... உங்க காது நல்லாத்தான் இருந்துச்சு..."



கன்னத்தில் மூச்சு பட்டது. இடது கன்னத்தில்.

"இடது."

காதுக்குள்ளேயே.

அப்புறம் ஹாரன். தூரத்தில். ரயில் ஹாரன். இடப்பக்கமாக. கிட்டே... இன்னும் கிட்டே...

காதைப் பொத்தினாள். குறையவில்லை.

இன்னும் கிட்டே...

நின்றது.

மணி 3:07.

கதவு தானாகத் திறந்தது. சந்திரிகா வெளியே போய் விழுந்தது டெனிஸின் காலடியில். அவன் கதவுக்கு முன்னாலேயேதான் நின்றிருந்தான். "நீ அடிச்சதெல்லாம் எனக்குக் கேக்கவே இல்லக்கா. ஈவ்லின் மேடம் வாய்ஸுதான் கேட்டுகினே இருந்துச்சு. சரி, அழிச்ச ஃபைலைத் திரும்ப எடுத்துட்டபோலன்னு நெனச்சேன்." இதை அவன் என்னிடமும் சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அந்தக் கதவைத் தாண்டி எந்தச் சத்தமும் அதுவரை வெளியே வந்ததில்லை.

ஐந்து மணிக்குச் சேலையூர் பார்ட்டி வந்தார். துளசிங்கம் அவர் முன்னால் சந்திரிகாவைக் கூப்பிட்டார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை. அவள் திரும்பவில்லை. அவர் நின்றது அவளுக்கு இடப்பக்கம்.

பார்ட்டி போன பிறகு சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். "என்னம்மா, லெஃப்ட் காது போச்சுபோல?"

மறுநாளே நாற்காலி காலி.

அந்த வாரமே தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் போனாள். துணைக்கு நான் போனேன். விஷயம் தெரிந்துகொள்வதற்காக இல்லை. சரி, அதற்கும்தான். சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, டெஸ்ட் எடுத்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்போலேருந்து கேக்கலை?" என்றார்.

"போன வியாழக்கிழமைலேருந்து சார். மூணு ஏழுலேருந்து."

டாக்டர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "விளையாடாதீங்கம்மா. இது ரொம்பப் பழசு. நரம்பே சுருங்கிக் கெடக்கு. மூணு வருஷமாவது ஆகியிருக்கும். இவ்வளவு நாள் இந்தக் காதை வெச்சுக்கிட்டு எப்படி சமாளிச்சீங்க?"

சீட்டில் அதையேதான் எழுதினார். இடது காது, முழுச் செவிடு, மூன்று வருடத்துக்குக் குறையாது. நான் இரண்டு தடவை படித்தேன்.

அப்படியென்றால் மூன்று வருடம் அந்தக் காதால் கேட்டுப் பெட்டிகளை அனுப்பியது யார்?

அன்று வீட்டுக்கு வந்துதான் என் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒயர் மாற்றியது, வார்த்தை விட்டது, ஒன்று விடாமல். கடைசியில், "அக்கா, அந்த ரெகார்டிங்ல மூணு வார்த்தை" என்றாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. காபியைக் குடி என்றேன்.

போன வாரம். அன்றும் வியாழக்கிழமைதான். மதியம் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன். கீழே சந்திரிகா கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். சட்டென்று நின்றாள். யாரோ கூப்பிட்டது போலத் தலையைச் சாய்த்தாள்.

வலப்பக்கமாக.

அந்தப் பக்கத்திலிருந்துதான் தண்ணீர் கேன் வண்டி வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தான். மாடியிலிருந்த எனக்கே காதைப் பிளந்தது. "சந்திரிகா! சந்திரிகா!" என்று நான் அடித்தொண்டையில் கத்தினேன். அவள் அசையவில்லை.

கிறீச்... ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

"இன்னாம்மா, செவுடா? எவ்ளோ நேரமா ஹார்ன் அடிக்கிறேன்!"

நான் படியிறங்கி ஓடி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். என் வாயையே பார்த்தாள். நான் பேசியது எதுவும் அவளுக்குப் போகவில்லை. தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

3:07.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். ஓரமாகவே நடந்து வந்தவள் அவள். மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். எப்போது அங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது.

அவள் நின்றிருந்தது தெருவின் நடுவில்.